களியக்காவிளை ஸ்பைரல் தொகுப்பு: தமிழ்ப் பிழைதிருத்தத்துக்கு 180 ரூபாய் கொடுக்கலாமா?

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வு அறிவிப்பு வந்துவிட்டால், குமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம் வரை நெடுஞ்சாலையோர ஜெராக்ஸ் கடைகளில் நீல அட்டை போட்ட ஒரு ஸ்பைரல் தொகுப்பு விற்பனைக்கு வந்துவிடும். அட்டையில் 'தமிழ்: பிழை நீக்கம், மரபு, சந்தி' என்ற வரி மட்டும் இருக்கும். தொகுத்தவர் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. ஏ4 தாளில் இருபக்கமும் அச்சான 164 பக்கம், 22 தலைப்பு, 1,100 வினா, கடைசி 18 பக்கம் விடை. விலை 180 ரூபாய். தமிழ்ப் பகுதிக்கென்று விற்கும் தடித்த கைடுகளில் பிழைதிருத்தத்துக்கு இருபது பக்கம் ஒதுக்கினாலே அதிகம். இந்தத் தொகுப்பை அந்த ஒரு வேலைக்காகவே செய்திருக்கிறார்கள்.

வாங்கலாம். ஆனால் கடைக்காரர் நீட்டும் பிரதியை அப்படியே பையில் போட்டுக்கொள்ள வேண்டாம். மூலப்படி ஒன்று, அதிலிருந்து எடுத்த நகல், அந்த நகலிலிருந்து எடுத்த நகல் என்று மூன்றாம் தலைமுறை, நான்காம் தலைமுறைப் பிரதிகள் கடைக்குக் கடை சுற்றுகின்றன. வரலாறு, அறிவியல் நோட்ஸுக்கு இது பெரிய குறை அன்று. சந்திப்பிழைப் பாடத்துக்கோ இது உயிர்க்குறை. நகலெடுக்க எடுக்க முதலில் அழிவது புள்ளிதான். 'கடைக்குச் சென்றான்' என்னும் தொடரில் ச்-இன் புள்ளி போய்விட்டால், வினாவே வேறு வினாவாகிவிடும். 'அஃது' என்பதில் ஆய்தத்தின் மூன்று புள்ளியும் குழைந்து ஒரு கறுப்புப் பொட்டாகிவிடும். புள்ளியிழந்த 'ர்' துணைக்கால்போல நிற்கும். 71ஆம் பக்கத்தை விரித்துப் பாருங்கள். வல்லினம் மிகும் இடங்கள் அங்கேதான் தொடங்குகின்றன. முதல் பத்து வரியில் எல்லாப் புள்ளியும் கண்ணுக்குத் தெரிந்தால் வாங்குங்கள். கணினியிலிருந்து லேசர் பிரிண்டாக நேரே எடுத்துத் தரும் கடைகளும் உண்டு. 40 ரூபாய் கூடும். இந்தப் பாடத்துக்கு அந்த 40 ரூபாய் தகும்.

பிழைதிருத்தத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். குரூப் 4 தேர்வில் 200 வினா, 300 மதிப்பெண், 3 மணி நேரம். அதில் 100 வினா, 150 மதிப்பெண் தமிழ். தமிழில் 60 மதிப்பெண், அதாவது 40 வினா, தேறாவிட்டால் எஞ்சிய பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஒரு வினாவுக்குச் சராசரியாகக் கிடைப்பது 54 விநாடி. தமிழ் வினாவை 35 விநாடியில் முடிக்கப் பழகியவருக்கு 1,900 விநாடி மிச்சம். அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அந்த நேரம் அப்படியே 25 கணக்கு வினாக்களுக்குப் போகும்.

நூலாசிரியர், அடைமொழி போன்ற வினாக்களில் விடை ஒன்று தெரியும், இல்லையேல் தெரியாது. பிழைதிருத்தம் அப்படிப்பட்டது அன்று. நான்கு தொடர்கள் கண்முன்னே கிடக்கும், தெரிந்த மொழி, நான்குமே சரிபோலக் காதில் விழும். காது எந்த ஊரில் வளர்ந்ததோ அந்த ஊருக்கு ஏற்ற இடத்தில் சறுக்கும். 1956 நவம்பர் 1 அன்று, இன்று குமரி மாவட்டமாக இருக்கும் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. எல்லை மாறினாலும் சந்தையில், பேருந்தில், பெண் கொடுத்து எடுத்த வீடுகளில் தமிழ், மலையாளம் இரண்டு மொழியும் இன்றுவரை கலந்தே ஒலிக்கின்றன. இந்தத் தொகுப்பின் அடிப்படைக் குறை, மதுரைக்காரர் காதுக்கும் களியக்காவிளைக்காரர் காதுக்கும் ஒரே மருந்தைத் தருவது. ஆகவே எதை எப்படிப் படிப்பது என்பதைப் பகுதி பகுதியாகச் சொல்கிறோம்.

வழூஉச்சொல் பகுதி 9 பக்கம், 120 சொல். இடப்பக்கம் பிழை, வலப்பக்கம் திருத்தம். பட்டியல் தரமானதுதான், ஆனால் 'மனப்பாடம் செய்க' என்று ஒரு வரி போட்டு விட்டுவிட்டார்கள். மலையாளம் காதில் விழுந்து வளர்ந்தவர்கள் பாதிப் பட்டியலை மனப்பாடம் செய்யவே வேண்டாம். 'புண்ணாக்கு' பிழை, 'பிண்ணாக்கு' சரி, மலையாளத்திலும் பிண்ணாக்குதான். 'கருவேப்பிலை' பிழை, 'கறிவேப்பிலை' சரி. எல்லைக்கு அப்பால் பாறசாலைச் சந்தையில் கேட்பது கறிவேப்பில. 'நாகரீகம்' என்று நீட்டுவது பிழை, 'நாகரிகம்' சரி, மலையாளத்திலும் குறில்தான். 'சம்மந்தம்' பிழை, 'சம்பந்தம்' சரி. 'அண்ணாக்கயிறு' என்று பிற மாவட்டத்தார் தடுமாறும் இடத்தில், அரஞ்ஞாணம் என்னும் சொல்லைக் கேட்டவருக்கு 'அரைஞாண் கயிறு' தானே வந்துவிடும். ல, ள, ழ வேறுபாட்டு வினாக்களிலும் அப்படியே. மூன்றையும் பிரித்து ஒலிக்கும் காது இது. எழுதும்போது ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் போதும்.

அதே காது வேறிடத்தில் குழியில் தள்ளும். மலையாளத்தில் எண்ண, வெண்ண. அதனால் 'எண்ணை', 'வெண்ணை' இரண்டும் சரியாகவே தோன்றும். தமிழில் இவை எள்ளின் நெய், வெண்மையான நெய்; நெய்யில் உள்ள யகர ஒற்று எங்கும் போகாது: எண்ணெய், வெண்ணெய். மாலை 'கோர்க்குக' என்பது அங்கே சரி. இங்கே வினையடி 'கோ'. கோத்தான், கோத்து, கோவை என்றே வரும், 'கோர்த்தான்' வழு. இந்த 9 பக்கத்தையும் பென்சிலோடு படியுங்கள். காது சரியாகச் சொல்லும் சொல்லை அடித்துவிடுங்கள். காது ஏமாற்றும் சொல்லை வட்டமிடுங்கள். வட்டமிட்டவை ஒரே தாளில் அடங்கும். தேர்வுக்கு முந்தைய வாரம் அந்தத் தாள் மட்டும் போதும்.

விளக்கம் சொல்லாத பட்டியலால் வரும் கேடு 'சுவற்றில்' என்னும் சொல்லில் தெரிகிறது. அது பிழை, 'சுவரில்' சரி என்று 34ஆம் பக்கம் சொல்கிறது. உண்மை. ஏன் என்று சொல்லவில்லை. படிப்பவர் 'ற்றில்' என்று முடிந்தாலே பிழை என்று முடிவு கட்டிவிடுகிறார். விடைப்பக்கமும் அதே தவறைச் செய்து 'கிணற்றில்' என்பதைப் பிழையாக்கியிருக்கிறது. கிணறு, வயிறு, கயிறு, ஆறு, சோறு ஆகியவை 'று' என்று முடிகின்றன. உருபு சேரும்போது றகரம் இரட்டி கிணற்றில், வயிற்றில், ஆற்றில் என்றாகும். சுவர் 'ர்' என்று முடிகிறது. அங்கே இரட்டிப்பதற்கு றகரமே இல்லை. ஒரு வரியில் சொல்லக்கூடிய காரணம். அந்த வரி இருந்திருந்தால் பத்துச் சொல்லை மனப்பாடம் செய்யும் வேலை மிச்சமாகியிருக்கும்.

தொகுப்பின் மிகச் சிறந்த இடம் 43, 44ஆம் பக்கங்கள். 'அல்ல' என்னும் ஒரே சொல்லுக்கு இரண்டு முழுப் பக்கம் கொடுத்திருக்கிறார்கள், கொடுக்கத்தான் வேண்டும். மலையாளத்தில் ஞான் அல்ல, நீ அல்ல, அவன் அல்ல, அது அல்ல என்று எல்லாருக்கும் ஒரே சொல். எழுத்துத்தமிழில் நான் அல்லேன், நாம் அல்லோம், நீ அல்லை, நீவிர் அல்லீர், அவன் அல்லன், அவள் அல்லள், அவர் அல்லர், அது அன்று, அவை அல்ல. 'அல்ல' என்பது அஃறிணைப் பன்மைக்கு மட்டுமே உரியது. 'இது என் பை அல்ல' என்று நாளிதழிலேயே எழுதுகிறார்கள். தேர்வில் 'அன்று' உள்ள தெரிவே விடை. 'அவர்கள் எதிரிகள் அல்ல' என்று வந்தால் 'அல்லர்' என்பதைத் தேடுங்கள். இதோடு ஒன்றைச் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும், தொகுப்பில் அது விடுபட்டிருக்கிறது: வேறு, இல்லை, உண்டு ஆகிய மூன்றும் எல்லாப் பாலுக்கும் எல்லா இடத்துக்கும் பொது. 'அவன் இல்லை', 'அவை இல்லை' இரண்டும் சரி. இதைத் தெரிந்துகொள்ளாதவர் 'இல்லை' வரும் தொடரிலும் பிழை தேடிக்கொண்டிருப்பார்.

ஒருமை பன்மை, எழுவாய் பயனிலைப் பகுதி 14 பக்கம். வினாக்கள் நன்றாக இருக்கின்றன, ஆனால் படிக்கச் சொல்லித்தரும் வரிசை தலைகீழ். முதல் சொல்லிலிருந்து ஒவ்வொன்றாகச் சோதிக்கச் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் 54 விநாடி போதாது. தொடரின் கடைசிச் சொல்லில் தொடங்குங்கள். தமிழில் பயனிலை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதன் விகுதியே திணை, பால், எண் மூன்றையும் சொல்லிவிடும். பின் 'யார், எது' என்று கேட்டு எழுவாயைப் பிடியுங்கள். இரண்டும் ஒத்தால், நேற்று, நாளை போன்ற காலச்சொல் உண்டா என்று பாருங்கள். நான்கு தெரிவில் இரண்டு இந்த மூன்று சோதனையிலேயே உதிர்ந்துவிடும். சொல்லிணைப்பும் சொல் வடிவமும் கடைசியில் பார்க்க வேண்டியவை. 'ஒவ்வொரு' வந்தால் அடுத்த பெயர் ஒருமைதான்: 'ஒவ்வொரு பறவைகளும்' பிழை, 'ஒவ்வொரு பறவையும்' சரி. 'ஆசிரியர் தன் பையை எடுத்தார்' என்பதில் மரியாதைப் பன்மைக்குத் 'தம்' வர வேண்டும்.

மலையாள வழியில் படித்துவிட்டுத் தமிழ்த்தேர்வு எழுதும் பிள்ளைகள் விளவங்கோடு பக்கம் உண்டு. அவர்களுக்கு இந்தப் பகுதியில் சிறப்பான ஓர் ஆபத்து உண்டு. மலையாள வினைமுற்றில் பால் விகுதி கிடையாது. நான், அவன், அவள், அவர் யார் வந்தாலும் 'வந்நு'. அது தமிழ்க் கண்ணுக்கு 'வந்து' என்னும் வினையெச்சமாகத் தெரியும். 'அண்ணன் ஊரிலிருந்து வந்து' என்று முடியும் தொடர் அவர்களுக்கு முடிந்த தொடர். தமிழில் அது பாதியில் நிற்கும் தொடர். கடைசிச் சொல்லிலிருந்து தொடங்கும் பழக்கம் இந்தப் பிழையைத்தான் முதலில் பிடிக்கும். வடக்கே திருத்தணி, பள்ளிப்பட்டு பக்கம் தெலுங்கோடு வாழ்பவர்களுக்கு வேறு சறுக்கல்: தெலுங்கில் 'அவள் வந்தாள்', 'அது வந்தது' இரண்டுக்கும் ஒரே வினைமுற்று. பெண்பால் எழுவாய் வரும் வினாக்களை அவர்கள் கூடுதலாகப் பழக வேண்டும்.

'எனது மகன்' பிழை, 'என் மகன்' சரி என்னும் வினாவுக்குத் தொகுப்பு விளக்கம் தருகிறது: 'அது' உருபு அஃறிணை ஒருமைக்கு உரியது, ஆகவே 'எனது வீடு' சரி, 'எனது மகன்' பிழை. இங்கே குமரி மாவட்டத்தார் தயங்கத் தேவையே இல்லை. வீட்டில் சொல்வது 'எனக்க மகன்', 'அவனுக்க அக்கா'. இதை எழுத்துத்தமிழுக்கு மாற்றச் சொன்னால் 'எனக்கு' என்னும் தெரிவைத் தொடாமல் 'என்' என்பதை எடுங்கள். ஆனால் அந்தப் பேச்சு வழக்கு தாழ்ந்தது அன்று. உயர்திணையில் 'அது' உருபு வராது, அந்த இடத்தில் 'கு' வரும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. 'நம்பி மகன்' என்பதை 'நம்பிக்கு மகன்' என்றே விரிப்பார்கள். குமரிக்காரர் நாவில் இருக்கும் ககரம் அந்தப் பழைய வழியோடு ஒத்துப்போகிறது.

இதனால்தான் 28 முதல் 31 வரையிலான பக்கங்கள் எங்களுக்குப் பெரும் வருத்தம் தருகின்றன. 'கொச்சைச் சொற்கள்' என்று தலைப்பிட்டு, 'விளித்தான்', 'பறைந்தான்', 'தள்ளை' ஆகியவற்றைப் பிழைப்பட்டியலில் போட்டிருக்கிறார்கள். விளித்தல் என்றால் அழைத்தல். இலக்கணத்தில் எட்டாம் வேற்றுமைக்கே விளிவேற்றுமை என்றுதான் பெயர். பறைதல் என்றால் சொல்லுதல், பழந்தமிழ்ச் சொல். தாயைத் 'தள்ளை' என்பதும் தந்தையை 'அச்சன்' என்பதும் திசைச்சொற்கள் என்று பழைய உரைகாரர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலங்களில் வழங்கிய சொற்களே திசைச்சொற்கள். அந்த நிலங்களில் வேணாடும் ஒன்று. விளவங்கோடும் கல்குளமும் அந்த வேணாட்டு மண்தான். 'பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றுக' என்னும் வினாவில் 'பறஞ்சான்' என்பதைச் 'சொன்னான்' என்று மாற்றுவது சரி. அதையே கொச்சை என்று பெயரிட்டுப் பிள்ளைகளின் வீட்டுத்தமிழைப் பிழை என்று கற்பிப்பது தவறு, தேர்வுக்கும் கேடு. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்னும் நால்வகை பள்ளித் தமிழ்ப் பாடநூலில் இருக்கிறது. திசைச்சொல்லைக் கொச்சை என்று படித்தவர் அங்கே தடுமாறுவார். இந்த நான்கு பக்கத்தின் தலைப்பை அடித்துவிட்டு 'வட்டார வழக்கு' என்று எழுதிக்கொண்டு படியுங்கள்.

மரபுப்பிழைப் பகுதிதான் அளவில் பெரியது, 26 பக்கம். ஒலிமரபு, இளமைப்பெயர், தாவர உறுப்பு, இருப்பிடம், வினைமரபு என்று பிரித்திருப்பது நல்ல ஏற்பாடு. யானை பிளிறும், சிங்கம் முழங்கும், ஆந்தை அலறும், கூகை குழறும், மயில் அகவும், குதிரை கனைக்கும், வண்டு முரலும். இவற்றில் எல்லைப்புறத்தாருக்குத் தனிச்சிக்கல் ஒன்றும் இல்லை, எல்லாரையும்போலப் படிக்க வேண்டியதுதான். சிக்கல் இளமைப்பெயரில் தொடங்குகிறது. மலையாளத்தில் 'குட்டி' என்பது பெரும்பாலான விலங்குகளுக்குப் போதும்: ஆனக்குட்டி, புலிக்குட்டி. தேர்வுக்கு யானைக்கன்று, புலிப்பறழ், சிங்கக்குருளை, கீரிப்பிள்ளை. யானைக்குக் கன்று என்பது தொல்காப்பிய மரபியலே சொல்வது. மலையாளத்தின் அண்ணான்குஞ்ஞு இங்கே அணிற்பிள்ளை. செடிகளிலும் அப்படித்தான்: அங்கே தெங்கின் தை, மாவின் தை இரண்டும் 'தை', இங்கே தென்னம்பிள்ளை, வாழைக்கன்று, மாங்கன்று, பனைக்கு வடலி, நெல்லுக்கு நாற்று.

இருப்பிடத்தில் ஒரு வினா தனியாகக் கவனிக்கத் தக்கது. 'ஆட்டுப்பட்டி' என்பதைப் பிழை என்று பலர் ஒதுக்குவார்கள். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். ஆட்டுக்கும் நாய்க்கும் என்ன தொடர்பு என்று மனம் விலகிவிடும். தமிழில் பட்டி ஆடுகளை அடைக்கும் இடம். ஆட்டுப்பட்டி, மாட்டுத்தொழுவம், குதிரைக்கொட்டில், யானைக்கூடம், கோழிக்கூண்டு. இதே வகையில் 'வெள்ளம்' அங்கே தண்ணீர், இங்கே பெருக்கு. 'அவசரம்' அங்கே வாய்ப்பு, இங்கே விரைவு. 'சம்சாரம்' அங்கே பேச்சு, இங்கே மனைவி. 'எனக்குக் குடிக்க வெள்ளம் வேண்டும்' என்னும் தொடரில் எல்லைப்புறக் காது பிழையே கேட்காது. இப்படிப்பட்ட சொற்களுக்குத் தொகுப்பில் ஒரு பக்கமும் இல்லை. களியக்காவிளையில் விற்கும் தொகுப்பில் முதலில் இருந்திருக்க வேண்டிய பக்கம் அது.

தோப்பு, தோட்டம், காடு, கொல்லை ஆகியவற்றிலும் உள்ளூர் வழக்கு குறுக்கே வரும். குமரியில் தென்னை நிற்கும் நிலமும் 'விளை', மரச்சீனி நட்ட நிலமும் 'விளை'. அம்மாண்டிவிளை என்று ஊர்ப்பெயரே அப்படி. தேர்வில் தென்னந்தோப்பு, மாந்தோப்பு, வாழைத்தோட்டம், தேயிலைத்தோட்டம், சோளக்கொல்லை, பனங்காடு. வினைமரபில் கூடை முடைந்தான், பானை வனைந்தான், ஆடை நெய்தான், அம்பு எய்தான், சுவர் எழுப்பினான், மலர் கொய்தாள். தொகுப்பு இவற்றைத் தொடராகவே தந்திருப்பது பயனுள்ளது. 'கூடை பின்னினான்' என்பதை அருகில் வைத்துப் பார்த்தால்தான் மனத்தில் தங்கும்.

சந்திப்பகுதி 30 பக்கத்தில் 44 விதி. இதில் அளவு தவறியிருக்கிறது. நான்கு தெரிவுள்ள வினாவுக்கு இத்தனை விதியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஐ, கு உருபின் பின் மிகும்: புத்தகத்தைப் படித்தான், ஊருக்குப் போனான். அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி ஆகியவற்றின் பின் மிகும். அது, இது, எது ஆகியவற்றின் பின் மிகாது. வினையெச்சத்தில் 'எடுத்து', 'படித்து' போல வல்லொற்று முன்னே இருந்தால் மிகும். 'வந்து', 'செய்து' என்று வந்தால் மிகாது: எடுத்துக் கொடுத்தான், வந்து போனான். பெயரெச்சத்தின் பின் மிகாது: வந்த பையன். ஆனால் ஈறு கெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தின் பின் மிகும்: செல்லாக்காசு. வினைத்தொகையிலும் உம்மைத்தொகையிலும் மிகாது: சுடுசோறு, தாய்தந்தை. எட்டு, பத்து ஆகியவற்றின் பின் மிகும். இவ்வளவு கைவசமானால் பெரும்பாலான வினாக்கள் விழுந்துவிடும். இதே பாடம் தமிழ்நாட்டு அரசின் ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் 'கற்கண்டு' பகுதியில் இலவசமாகவே இருக்கிறது. விளக்கம் அங்கே மேல். தொகுப்பின் 30 பக்கத்தைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தன்வினை பிறவினை, செய்வினை செயப்பாட்டுவினை, தொடர் வகை ஆகியவை பத்துப் பக்கத்தில் முடிகின்றன. குறை சொல்ல ஒன்றும் இல்லை, புதிதாகவும் ஒன்றும் இல்லை. அட்டையின் பின்புறம் உள்ள கியூஆர் கோடு ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது. தினம் பத்து வினா வரும். போனில் அடித்த வினாக்களில் எழுத்துப்பிழையும் இலக்கணப் பிழையும் கலந்து வருவதால், எது கேட்கப்பட்ட பிழை, எது தட்டச்சுப் பிழை என்று தெரிவதில்லை. பிழைதிருத்தம் பழகுபவருக்கு இது நஞ்சு. அந்த நேரத்தில் தேர்வாணையத்தின் இணையதளத்தில் உள்ள பழைய வினாத்தாளில் ஒன்றை எடுத்து, தமிழ்ப் பகுதியை வினாவுக்கு 35 விநாடி வீதம் 58 நிமிடத்தில் முடித்து, அவர்கள் வெளியிட்ட விடைக்குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

விடைப்பக்கத்தில் படிக்கத் தொடங்குமுன் பேனாவால் திருத்த வேண்டியவை: 212ஆம் வினாவில் 'ஓர் யானை' என்பதைச் சரியென்று போட்டிருக்கிறார்கள், உயிரெழுத்தின் முன்தான் 'ஓர்' வரும், யா உயிர்மெய், ஆகவே 'ஒரு யானை'. 347இல் 'கிணற்றில்' சரி. 518இல் 'வாழ்த்துக்கள்' என்பதை 'வாழ்த்துகள்' என்று மாற்றுங்கள்; 'கள்' விகுதி சேரும்போது அங்கே வல்லினம் மிகாது. 640இல் 'வெற்றிலைப்பாக்கு' பிழை. வெற்றிலையும் பாக்கும் என்று விரியும் உம்மைத்தொகை, ஆகவே 'வெற்றிலைபாக்கு'. 903இல் 'ஒவ்வொரு மாணவர்களும் வந்தனர்' என்பதைச் சரியென்று தந்திருக்கிறார்கள். நான்காம் தெரிவில் உள்ள 'ஒவ்வொரு மாணவனும் வந்தான்' என்பதே விடை.